ஓபியாய்டு (அபின் மாதிரி வேலை செய்யும் வேதிப்பொருள்) என்றால் எண்டார்ஃபின் மட்டும்தானா?
பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறினால் எண்டார்ஃபின் ஏறும், வலி இறங்கும் என்று இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, ஆனால் மூளை தயாரிக்கும் ஓபியாய்டுக்கு வலியைத் தாண்டியும் வேலை இருக்கிறது. மூளையில் ஹார்மோன்களையும் உடல் வெப்பத்தையும் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் ஒரு வகை நியூரான் (நரம்புச் செல்) கிஸ்பெப்டின், நியூரோகினின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று வேதிப்பொருள்களையும் சேர்த்தே தயாரிக்கிறது. இதில் டைனார்ஃபின் ஓபியாய்டுதான், அந்தச் செல்களுக்கு அது பிரேக் மாதிரி, நியூரோகினின் ஆக்ஸிலரேட்டர். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் அந்தச் செல்கள் பெருத்து, நியூரோகினின் கூடி, டைனார்ஃபின் குறைகிறது, பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாடும் சேர்ந்து தடுமாறுகிறது. எனக்கு 49 வயதில் ராத்திரி மூன்று மணிக்குச் சூடு நெஞ்சில் கிளம்பி கழுத்து, காது மடல் வரை ஏறும். தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தால் பத்து நிமிஷத்தில் குளிர் நடுக்கம், அப்புறம் தூக்கம் எங்கே வரும்? மேலே கமெண்டில் ஒருவர் "இதெல்லாம் வெறும் டென்ஷன்" என்கிறார். சரி, அப்படியானால் ஹார்மோனே இல்லாமல், செல்லில் நியூரோகினின் வந்து ஒட்டும் ஏற்பியை மட்டும் அடைத்து இந்தச் சூட்டைத் தணிக்கும் ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் எப்படி அனுமதி கிடைத்தது? (அதற்கும் கல்லீரல் பரிசோதனை அவசியம், கடையில் சும்மா வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை.)