கிட்டார் வாங்கப் போகிறவர்கள் ஒரு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போங்கள்

மே மாதம் வந்துவிட்டால் என் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "பையனுக்கு கிட்டார் வாங்கணும் சார், பதினைஞ்சாயிரத்துக்குள்ள எது நல்ல பிராண்ட்?" சிலசமயம் பையனுக்குப் பதில் பெண். தனக்கே வாங்க ஆசைப்படுகிற நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பிப்பார்கள். நான் சொல்கிற பதில் யாருக்கும் ருசிப்பதில்லை. பதினைந்து இருந்தால் பன்னிரண்டுக்குள் கிட்டாரை முடியுங்கள், மிச்சத்தை செட்டப்புக்கும் (கிட்டாரை வாசிக்கத் தோதாகச் சரிசெய்கிற வேலை) நல்ல கம்பிக்கும் வையுங்கள் என்பேன். "அதெல்லாம் சரி சார், பிராண்ட் எது?" என்று மறுபடி வந்து நிற்பார்கள்.

பிராண்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யமஹா எஃப்310 மாதிரி பல வருடமாக ஆரம்பக்காரர்கள் வாங்கிவரும் மாடல்கள் இருக்கின்றன, தைரியமாக வாங்கலாம். கல்கத்தாவிலிருந்து வந்த கிவ்சன் கிட்டாரில் பழகி மேடை ஏறியவர்களும் இந்தச் சென்னையில் நிறையப் பேர். ஆனால் ஒரே கடையில், ஒரே மாடலில் இரண்டு கிட்டாரை அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். ஒன்று விரலுக்குப் பணியும், இன்னொன்று கடிக்கும். கம்பிக்கும், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடான ஃப்ரெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் காரணம். ஆக்‌ஷன் என்பார்கள்.

அதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பள்ளிக்கூடப் பையனின் ஸ்டீல் ஸ்கேல் போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் தலையில் ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் 2.5 மி.மீ. சுற்றி இருந்தால் நல்லது. மெல்லிய முதல் கம்பி 2 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. ஸ்கேலின் ஓரத்திலிருந்தே கோடு தொடங்குகிறதா என்பதை முதலில் கவனித்துக்கொள்ளுங்கள், சில ஸ்கேல்களில் ஓரத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். புத்தம்புதிதாகக் கடையில் தொங்கும் மலிவு கிட்டார்களில் நான் 4 மி.மீ. வரைக்கும் பார்த்திருக்கிறேன்.

இதற்காகத் தொழிற்சாலையைத் திட்டிப் பிரயோசனமில்லை. கம்பி உயரமாக இருந்தால் எந்த ஃப்ரெட்டிலும் உரசி இரையாது. ஊர் மாறி, பருவம் மாறி, மரம் கொஞ்சம் அசைந்தாலும் புகார் வராது. தாழ்வாக வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கிட்டாரோடும் ஒரு ஆள் உட்கார வேண்டும். இந்த விலைக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. அப்போது அந்த வேலையைக் கடைதானே செய்து கொடுக்க வேண்டும்? பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அட்டைப்பெட்டியைப் பிரித்து, ட்யூன் பண்ணி, ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். ஆன்லைனில் வாங்கினால் அந்த ட்யூனும் கிடையாது.

இப்படி வந்த கிட்டாரில் குழந்தை ஒரு மாதம் தட்டித்தடுமாறி வாசிக்கும். ஜி, சி, டி கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி விரல்களை வைக்கும் பிடிகள்) எப்படியோ வந்துவிடும். எஃப் கார்டு வரும்போது ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் குறுக்கே அழுத்த வேண்டும், அங்கேதான் எல்லாம் நிற்கும். அங்கே இடைஞ்சல் செய்வது பெரும்பாலும் நட். கழுத்து தலையோடு சேர்கிற இடத்தில் ஆறு பள்ளம் வெட்டிய ஒரு சின்னத் துண்டு. பள்ளம் ஆழம் பற்றாமல் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்த இரண்டு மடங்கு பலம் வேண்டும். இன்னொரு கொடுமையும் உண்டு. உயரத்திலிருந்து அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறிவிடும். ட்யூனரில் பச்சை காட்டிய கிட்டார் கார்டு பிடித்தால் அபசுரமாகக் கேட்கும். பிள்ளை தன் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். "இன்ட்ரஸ்ட் போயிடுச்சு சார்" என்று அப்பா சொல்வார். கிட்டார் பரணுக்குப் போகும்.

நட்டையும் கடையிலேயே சோதிக்கலாம். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சந்து இருந்தால் போதும். அங்கே வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் நட்டில் வேலை பாக்கி என்று அர்த்தம்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூர் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணன். போர்டு கிடையாது, ஆள் சொல்லித்தான் ஆள் வரும். மழைக்காலத்தில் ஒரு தடவை போனபோது கிட்டாரைக் கையில் வாங்கியதும் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தடவினார். (உடம்பின் மேல் கம்பிகள் வந்து சேரும் கட்டைதான் பிரிட்ஜ், அதில் செருகி கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டு சேடில்.) "மரம் ஈரம் குடிச்சு ஊதியிருக்கு தம்பி. இப்ப சேடிலைத் தேச்சேன்னா சித்திரையில வந்து இரையுதுண்ணே, இரையுதுண்ணேன்னு நிப்பீங்க" என்றார். அப்புறம் மடித்த டவலின் மேல் கிட்டாரைக் கிடத்தி, ஒரு கையால் முதல் ஃப்ரெட்டையும் மறு கையால் பதினான்காவது ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்து, நடுவில் எட்டிப் பார்த்தார். கம்பிக்குக் கீழே கழுத்து எவ்வளவு குழிந்திருக்கிறது என்று பார்க்கிற வித்தை அது. ஆலன் கீயை விட்டு கால் திருப்பு. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் அந்த இரும்புத் தண்டு, ட்ரஸ் ராட், 1920களில் கிப்சன் கம்பெனி காப்புரிமை வாங்கிய சமாச்சாரம், இன்றைக்கும் கிட்டத்தட்ட அதேதான். மறுபடி ட்யூன் பண்ணி, மறுபடி எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம்.

சேடிலை அவர் தேய்க்கிற விதம் பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி வைத்திருப்பார். சேடிலை உருவி, அடியில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் சீராகத் தேய்ப்பார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மி.மீ. போக வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி, அதனால் இந்தக் கணக்கு. மேல்பக்கத்தைத் தொடவே மாட்டார், அந்த வளைவு கெட்டுவிடும். எல்லாம் முடிந்தால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகும். வேலை முடிந்து வாங்கி வாசிக்கும்போது இது நம்ம கிட்டார்தானா என்று சந்தேகம் வரும். அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இந்தப் பொழுதுபோக்கில் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஈரம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது என்று கம்பெனிகள் சொல்கின்றன. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டதும் காற்று வறண்டு மரம் வெடிக்கும், அதற்காக சவுண்ட் ஹோலுக்குள் தொங்கவிடும் ஹ்யூமிடிஃபயர் விற்கிறார்கள். அங்கே அது அவசியமான பொருள். அமெரிக்க யூட்யூபர் சொன்னார் என்று திருவான்மியூரில் இருக்கிறவரும் அதை ஆர்டர் போடுகிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், வாங்குவதையும் பார்த்துவிட்டேன். கடற்கரை ஊரில் நமக்கு வேண்டியது சிலிக்கா ஜெல் பாக்கெட்டும், ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும், வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைக்கப் பழைய பனியன் துணியும்தான். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் கிட்டாரை வெளியே வைப்பவர்கள் மட்டும் எதற்கும் அந்த மீட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கம்பி விஷயத்தில் நம் ஆட்கள் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் செய்கிறார்கள் என்று புரியவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் கிட்டாரில் துருப்பிடித்த கம்பி. புதுக் கிட்டாரோடு வருவது பெரும்பாலும் 12இல் தொடங்கும் செட், அதாவது முதல் கம்பி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தடிமன். ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாகக் கழுத்தை இழுக்கும். பழகும் விரலுக்கு 10இல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் போட்டுக் கொடுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் பிள்ளை தினமும் எடுக்கும். 80/20 ப்ரான்ஸ் (bronze) கம்பி புதிதில் பளிச்சென்று கேட்கும், அதில் 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். டாடாரியோ என்ற கம்பிக் கம்பெனி 1974இல் கொண்டுவந்த பாஸ்பர் ப்ரான்ஸ் கொஞ்சம் இதமான சத்தம், நாளும் கூடுதலாகத் தாங்கும். கை வியர்க்கிறவர்கள், அதாவது சென்னையில் கிட்டத்தட்ட எல்லோரும், கோட்டிங் கொடுத்த கம்பியைப் பார்க்கலாம். எலிக்சிர் கம்பி செய்வது கோர்டெக்ஸ் மழைக்கோட்டுத் துணி செய்யும் அதே கம்பெனி. விலை இரண்டு மடங்கு, என் கையில் ஆயுள் மூன்று மடங்குக்கு மேல்.

ஆனால் எங்கே வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் பாதி விலைக்குக் கிடைத்த டாடாரியோ செட் எனக்குப் போலியாக வந்தது. உறை அச்சு அசல், கம்பி நுனிக் குண்டுமணிகளில் வண்ணம்கூடச் சரியாக இருந்தது. மாட்டி முறுக்கும்போதே நான்காவது கம்பியின் மேல்சுற்று பிரிந்து வந்தது. உறைக்குள் இருக்கும் குறியீட்டைக் கம்பெனித் தளத்தில் போட்டால் அசலா என்று தெரிந்துவிடும். திருப்பி அனுப்பியதில் பணம் வந்தது, விற்றவர் அதே பொருளை இன்னும் அதே பக்கத்தில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

அதனால் நேரில் போய் வாங்குவதே எனக்குப் பிடிக்கும். அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் இருக்கிறது, 1842இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கியது. உள்ளே நுழைந்து பியானோக்களைத் தாண்டி நடப்பதே ஒரு சந்தோஷம். அங்கிருந்து நடை தூரத்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளின் ரிச்சி ஸ்ட்ரீட். நல்ல 6.35 மி.மீ. ஜாக் இரண்டு, ஷீல்டு கேபிள் மூன்று மீட்டர், சோல்டரிங் வைக்க ஒரு அரைமணி நேரம். கிட்டார் கேபிளை நாமே செய்துகொண்டால் செலவு பாதியாகும். எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கேபிள் நீள நீள உச்சஸ்தாயி மங்கும், வீட்டுக்குள் வாசிக்கப் பத்து மீட்டர் எதற்கு?

நேரில் போவதிலும் தொல்லைகள் உண்டு, பெயர் சொல்லவில்லை. ஒரு கடையில் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தொடாமல் என்னத்தை வாங்குவது? இன்னொரு கடையில் விற்பனைப் பையன் கிட்டாரை நம்மிடம் தரவே மாட்டான், தானே எடுத்து மடமடவென்று ஒரு லீட் வாசித்து "சூப்பர் பீஸ் சார்" என்பான். அவன் விரலுக்கு எந்தக் கிட்டாரும் சூப்பர்தான். ஸ்டூல் கேளுங்கள், உட்காருங்கள், ஸ்கேலை எடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். என் தோழி ஒருத்தி நன்றாக வாசிப்பவள், எலக்ட்ரிக் வாங்கப் போயிருந்தாள். அவளோடு சும்மா துணைக்குப் போன தம்பியைப் பார்த்துத்தான் கடைக்காரர் கடைசிவரை, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் பற்றிப் பேசினார். அவள் அன்றைக்கு அங்கே வாங்கவில்லை. இடக்கைக்காரர்களுக்கோ பேச்சே இல்லை, "ஆர்டர் போட்டுத் தர்றோம்" என்று ஒரு வரி.

மரத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் ஒரு தனி ரகம். "ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) ரோஸ்வுட் இல்லையாமே, வேண்டாம்." உலகமே தேடுகிற இந்திய ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் இதற்கு மாறியது. ஈட்டியைக் காப்பாற்ற தமிழ்நாடு 1994இல் தனிச்சட்டமே போட்டது. 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தம் இந்த இன மரங்கள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு கொண்டுவர, கிட்டார் கம்பெனிகள் பதறிப்போய் வேறு மரம் தேடின. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, ஆனால் அதற்குள் மலிவு விலை மாடல்களில் வேறு மரங்கள் நிலைத்துவிட்டன. ஸ்குவையர் கிட்டார்களில் இந்தியன் லாரல் என்று போட்டிருப்பார்களே, அது நம் கருமருது. இந்த விலையில் ஈட்டிக்கும் மருதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் சொல்கிறவர் யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.

சில்லறைச் சாமான்களில் கிளிப் ட்யூனரும் கேப்போவும் (கழுத்தில் கவ்விச் சுருதியை ஏற்றும் கிளிப்) வாங்கியே ஆக வேண்டும். ஸ்ட்ராப் உட்கார்ந்து வாசிக்கவும் உதவும். கம்பியை மீட்டும் சின்னச் சில்லான பிக்கை மட்டும் யாரும் மதிப்பதில்லை. டன்லப் டார்டெக்ஸில் ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88 மி.மீ. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி அதே பாட்டை வாசித்துப் பாருங்கள். சத்தத்தை மாற்றும் பத்தாயிரம் ரூபாய் பெடல் தராத மாற்றத்தை இந்தச் சில்லறைக் காசு தரும். பெடல்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. பரணில் இருந்து இறங்கிய கிட்டார்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன, பலவற்றில் ஃப்ரெட் தேய்ந்திருக்கவே இருக்காது. மூன்று இடம் பாருங்கள். கழுத்தை ஹெட் பக்கமிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் முறுக்கல் தெரியும். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு வருகிறது. மறுபடி ஒட்டும் கூலி தெரியாமல் விலை பேசாதீர்கள்.