பார்க்காத ஆளுக்கு என்ன நோய் என்று சொல்வது?

மனநல மருத்துவர் என்று தெரிந்துவிட்டால் போதும், கைபேசியை நீட்டிவிடுகிறார்கள். "இந்த வீடியோவைப் பாருங்க டாக்டர், இவருக்கு பைபோலார்தானே?" மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோயைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். திரையில் யாரோ ஓர் அரசியல்வாதி கத்திக்கொண்டிருப்பார். சொல்ல முடியாது என்றால் முகம் சுருங்கிவிடுகிறது.

நேரில் பேசாமல், சம்மதம் வாங்காமல் ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது தப்பு. 1964-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு அச்சிட்டது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973-இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் இதற்கென்றே விதி கொண்டுவந்தது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "தம்பி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான் டாக்டர், சாப்பாட்டில் கலக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்பதுதான் தாங்க முடியவில்லை. அவர்கள் படும் பாடு புரிகிறது. பல ராத்திரி தூங்காத கண்ணோடு வந்து நிற்பார்கள். ஆனால் பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் விடாமல் பரிசோதிக்க வேண்டும். ஆளையே பார்க்காமல் எப்படி எழுதுவது? அப்புறம், விஷயம் தெரிந்த நாளில் அந்தத் தம்பி என்னை மட்டுமல்ல, வீட்டுச் சோற்றையே நம்ப மாட்டான். ஏற்கெனவே சந்தேகத்தில் தவிப்பவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, அவனை எப்படி அழைத்து வருவது என்று உட்கார்ந்து பேசலாம் என்றால், மாத்திரைச் சீட்டு கிடைக்காது என்று புரிந்ததுமே எழுந்து போய்விடுகிறார்கள்.