கட்டுவதற்கு முன் சலானின் படத்தைப் பாருங்கள்

தடை செய்த இடத்தில் வண்டி நிறுத்தியதற்கான பழைய அபராதத்தை வசூலிக்க வந்த முகவர்கள் என்று கூறிக்கொண்டு பேசுவோரைப் பற்றி நான் படித்த கட்டுரை, டெல்டா பகுதியில் சுமை வண்டியை நம்பிப் பிழைக்கும் பலருக்கும் தேவையானது. திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்கு வாழை இலை ஏற்றிச் செல்லும் என் பக்கத்து வீட்டு அண்ணனிடமும், மாலைக்குள் கட்டாவிட்டால் வண்டி பறிமுதலாகும் என்று தொலைபேசியில் மிரட்டினார்கள். போக்குவரத்து அபராதச் சீட்டுகளை (சலான்) பார்க்க உதவும் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் பார்த்தபோது அபராதம் உண்மையாகவே இருந்தது. ஆனால் படத்தில் நின்றது வேறு நிற வண்டி, சேறு படிந்த எண் பலகையில் இருந்த 8-ஐ 3 என்று பதிந்திருந்தார்கள். அந்தப் படத்தையும் பதிவுச் சான்றிதழையும் இணைத்து அவர் தளத்திலேயே புகார் அளித்தார்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் முதல் முறை அபராதம் 500 ரூபாய் வரைதான். அதை அந்த அரசுத் தளத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ நீதிமன்றத்திலோ செலுத்த வேண்டுமே தவிர, யாரோ அனுப்பும் யுபிஐ எண்ணுக்கு ஒருபோதும் அனுப்பக் கூடாது.

கட்டுரை காலவரம்பையும் விளக்கியிருக்கலாம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை 6 மாதங்களுக்குப் பின் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கலாகாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு. இன்று அது, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவாக உள்ளது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், வழக்கு எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்குச் சென்றது என்பதை முதலில் கேட்டறிந்து, அதன் பிறகே கட்டுவதா எதிர்ப்பதா என்று முடிவெடுங்கள்.