சின்னக் கைக்காரி சொல்லும் கொன்ட்ரோலர் நியாயம்

கேம் ஆடுவதற்குச் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) கொன்ட்ரோலர் நல்லதா, மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் நல்லதா என்று எங்கள் வீட்டில் தம்பிமார் இருவரும் தொடங்கினால் சோறு ஆறிப்போகும், சண்டை ஆறாது. இரண்டு பேருமே யூடியூபில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அந்த யூடியூப்காரர்கள் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு, என் கையைப் போல் ஒன்றரை மடங்கு கையில் பிடித்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு, கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஃபேனே சுடுகாற்றை அள்ளி முகத்தில் எறியும் மட்டக்களப்புக் கல்லடி வீடொன்றுக்கு எவ்வளவு தூரம் சரிவரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். கொன்ட்ரோலரில் முதலில் பார்க்க வேண்டியது அதிர்வும் இல்லை, லைட்டும் இல்லை. கையைத் தளர விட்டுப் பிடித்தால் இடது பெருவிரல் தன்பாட்டில் எங்கே போய் இருக்கிறதோ, அந்த இடத்தில் நீங்கள் அதிகம் பாவிக்கிற சாமான் இருக்க வேண்டும். இப்போதைய கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ஸ்டிக்தான், பெருவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கிற அந்தக் குட்டித் தடி. உதைபந்தாட்டமோ, சுடுகிற கேமோ, ஊர் சுற்றுகிற கேமோ, ஆளை நடத்துவது இடது ஸ்டிக். அந்த ஸ்டிக்கை எக்ஸ்பொக்ஸ் சரியான இடத்தில் வைத்திருக்கிறது, பிளேஸ்டேஷன் பிழையான இடத்தில் வைத்திருக்கிறது. பிளேஸ்டேஷன் பக்தர்கள் இதோடு பதிவை மூடிவிட்டுப் போகலாம், கோபமில்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்ற கதை சுவையானது, அதையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

முதல் பிளேஸ்டேஷன் 1994இல் வந்தது. கொன்ட்ரோலரைச் செய்தவர் டெய்யு கோட்டோ என்ற சோனி வடிவமைப்பாளர். அதற்கு முன்னர் வந்தவை அநேகமாகத் தட்டை. 1990இல் வந்த நிண்டெண்டோவின் சூப்பர் ஃபமிகொமின் கொன்ட்ரோலர் இரண்டு முனையும் உருண்டு, மேல் விளிம்பில் ஆள்காட்டி விரலுக்கு எல், ஆர் என்று இரண்டு பட்டனும் வைத்து, அந்தக் காலத்துக்கு நல்ல சாமான்தான். ஆனால் உள்ளங்கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, பாரம் முழுக்க விரல்களில்தான். கோட்டோ கீழே இரண்டு கைப்பிடியை இறக்கினார். பழகிய தட்டை வடிவத்தை விட்டால் சனம் வாங்காது என்று சோனிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்திருக்கிறது. அப்போது தலைவராக இருந்த நோரியோ ஓகா கோட்டோவின் பக்கம் நின்றதால்தான் அந்தக் கைப்பிடி தப்பியது. இன்றைக்கு வருகிற எல்லாக் கொன்ட்ரோலருக்கும் அந்தக் கைப்பிடியின் சாயல் இருக்கிறது, அந்தப் பெருமையை நான் சோனியிடமிருந்து பறிக்கவில்லை.

சிக்கல் 1997இல். முப்பரிமாண கேம்கள் வந்துவிட்டன, நிண்டெண்டோ 64 ஸ்டிக்கோடு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, சோனியும் ஸ்டிக் வைத்தாக வேண்டும். எங்கே வைப்பது? பெருவிரல் இருக்கிற நல்ல இடம் இரண்டையும் இடது பக்கம் டி-பேடும் (நாலு திசைக்கும் அழுத்துகிற பட்டன்) வலது பக்கம் நான்கு பட்டனும் ஏற்கனவே பிடித்துக்கொண்டன. மிஞ்சியது கீழே, நடுவுக்குக் கிட்ட. அங்கே இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். டுவல்ஷொக் பிறந்தது. அன்றைக்கு அது நியாயம்தான், ஏனென்றால் அன்றைய கேம்களில் முக்கால்வாசி டி-பேடாலேயே ஆடுகிறவை, ஸ்டிக் இல்லாத பழைய கொன்ட்ரோலர்காரரையும் விட்டுவிட முடியாது. ஆனால் 2020இல் பிஎஸ் 5ஓடு வந்த டுவல்சென்ஸிலும் அதே இடம்! உள்ளுக்குள் எல்லாம் மாறிவிட்டது, ஆள்காட்டி விரலால் இழுக்கிற ட்ரிகர் விரலை எதிர்த்துத் தள்ளுகிறது, கேமில் மழை பெய்தால் உள்ளங்கையில் மழை விழுகிற மாதிரி அதிர்கிறது, ஸ்டிக் மட்டும் 1997இல் மிஞ்சிய இடத்திலேயே நிற்கிறது. அதைத் தொட்டால் பிளேஸ்டேஷனின் முகமே மாறிவிடும் என்ற பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். முகத்துக்காக என் பெருவிரலின் அடிமூட்டு ஏன் உளைய வேண்டும்? சின்னக் கைக்கு அந்த ஸ்டிக்கை எட்ட பெருவிரலை உள்ளே மடக்கி நீட்ட வேண்டும், ஒரு மணித்தியாலம் போனால் விளங்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சண்டை கேம்கள், பழைய இருபரிமாண கேம்கள் ஆடுகிறவர்களுக்கு மேலே டி-பேட் இருப்பதுதான் வசதி, அவர்கள் பிளேஸ்டேஷனை விடக்கூடாது. அதற்காக எல்லோருக்கும் அதுதான் என்று சொல்ல வேண்டாம்.

எக்ஸ்பொக்ஸ் பக்தர்களும் இவ்வளவு சிரிக்க வேண்டாம். 2001இல் முதல் எக்ஸ்பொக்ஸோடு வந்த, 'டியூக்' என்று பெயர் எடுத்த அந்தக் கொன்ட்ரோலரைப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? வாவி நண்டொன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த மாதிரி. உள்ளே போக வேண்டிய சர்கிட் போர்ட் பெரிதாக முன்கூட்டியே முடிவாகிவிட்டது, வெளிக் கூட்டைச் செய்தவர்கள் அதைச் சுற்றித்தான் செய்ய வேண்டியிருந்தது. அதாவது கைக்கு அளவெடுக்கவில்லை, போர்டுக்கு அளவெடுத்தார்கள். ஜப்பானில் இது விலைப்படாது என்று தெரிந்து, 2002இல் அங்கே சின்னதாக ஒன்றை விட்டார்கள். பிறகு பார்த்தால் அமெரிக்காவிலும் சனம் அந்தச் சின்னதைத்தான் கேட்டது! பெரிய கைக்காரரும் சின்னதைச் சுகமாகப் பிடிக்கலாம், சின்னக் கைக்காரரால் பெரியதைப் பிடிக்க முடியாது. இந்தச் சின்ன உண்மையை மைக்ரோசொஃப்ட் நன்றாகப் படித்துக்கொண்டது. 2020இல் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸோடு வந்த கொன்ட்ரோலரை அவர்கள் செய்தபோது 8 வயதுப் பிள்ளையின் கைக்கும் பொருந்த வேண்டும் என்று சொல்லியே செய்தார்கள், முந்தியதை விடக் கொஞ்சம் உருட்டிக் குறுக்கினார்கள். எனக்கு அது போதும். நானும் ஏறக்குறைய அந்தக் கைதான்.

நிண்டெண்டோ 64இன் மூன்று கால் கொன்ட்ரோலரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கை உள்ள மனிதருக்கு மூன்று கைப்பிடி, அவ்வளவுதான்.

விரலுக்கு வருவோம். பிஎஸ் 3 கொன்ட்ரோலரின் எல்2, ஆர்2 ட்ரிகர்கள் வெளியே குவிந்து வழுக்கும், ஓட்டப் போட்டி கேமில் ஆள்காட்டி விரல் சறுக்கிக்கொண்டே இருக்கும், அதற்கென்று மேலே கொளுவுகிற பிளாஸ்டிக் துண்டெல்லாம் தனியாக விற்றார்கள். 2013இல் பிஎஸ் 4ஓடு வந்த டுவல்ஷொக் 4இல்தான் அந்த வளைவைத் திருத்தினார்கள். டுவல்சென்ஸ் அதைவிடப் பாரம், சுமார் 280 கிராம், டுவல்ஷொக் 4 சுமார் 210. பாரம் கூடினால் தரம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், கட்டிலில் சாய்ந்து மல்லாக்கப் படுத்து ஆடிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். ஆனால் டுவல்சென்ஸின் பிடியை நான் குறை சொல்ல மாட்டேன், உள்ளங்கையை நிரப்புகிறது. அந்தப் பிடியைக் கிட்ட வைத்துப் பார்த்தால் சொரசொரப்பெல்லாம் குட்டிக் குட்டி வட்டம், சதுரம், முக்கோணம், பெருக்கல் குறி. இதை முதன்முதலில் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன், அம்மாவைத் தவிர ஒருவரும் வியக்கவில்லை.

இந்தச் சொரசொரப்பு எங்கள் ஊருக்கு அழகு இல்லை, அவசியம். வியர்த்த கையில் வழவழப்பான பிளாஸ்டிக் நழுவுகிறது, நழுவக்கூடாது என்று இறுக்கிப் பிடிக்கிறோம், இறுக்குவதால்தான் உளைகிறது. எக்ஸ்பொக்ஸ் சீரிஸில் ட்ரிகரிலும் பின்பக்கமும் புள்ளி புள்ளியாக வைத்திருப்பது இதற்கு நல்ல மருந்து. ரப்பர் பூச்சுப் பூசிய பிடிகளை வாங்கும்போது மட்டும் யோசியுங்கள். கடையில் தொட்டால் வெல்வெட், வெக்கையும் ஈரமும் சேர்ந்த அறையில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தப் பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கும், பிறகு துடைத்தாலும் போகாது.

எக்ஸ்பொக்ஸ் இன்னும் பென்டோர்ச் பற்றரி போடுகிறது என்று நக்கல் அடிக்கிறார்கள். நான் அதற்கு ஆதரவு. உள்ளே ஒட்டி வைத்த லித்தியம் பற்றரி வெக்கையில் சீக்கிரம் களைக்கும், களைத்தால் கொன்ட்ரோலரைக் கழற்ற வேண்டும், கழற்றத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். பென்டோர்ச் பற்றரி சந்திக் கடையில் கிடைக்கிறது, 40 மணித்தியாலம் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது, சார்ஜ் ஏற்றும் வகையில் இரண்டு சோடி வாங்கி வைத்தால் வருடக்கணக்குக்குக் கவலை இல்லை. கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள், உப்புக் காற்றில் அந்தப் பற்றரி ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஆடாத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

இனி ட்ரிஃப்ட். ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் தன்பாட்டில் நடந்து போவது. எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படி ஆனது, எந்தக் கொம்பனி என்று சொல்ல மாட்டேன், இதில் எல்லோரும் ஒன்றுதான். ஸ்டிக்குக்குக் கீழே கரிப் பூச்சு ஒன்றின்மேல் ஒரு துண்டு உரசிக்கொண்டே இருக்கிறது, உரச உரசப் பூச்சுத் தேய்கிறது, தேய்ந்தால் நடு எது என்று அதற்குத் தெரியாது. நிண்டெண்டோ ஸ்விட்சின் ஜோய்-கொன் கொன்ட்ரோலரில் இது பெரிய பிரச்சினையாகி, 2020 ஜூனில் நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. காந்தத்தை வைத்து, ஒன்றோடொன்று உரசாமலே இடத்தை அறிகிற ஹோல் எஃபெக்ட் ஸ்டிக். சேகா 1998இல் ட்ரீம்காஸ்ட் கொன்ட்ரோலரிலேயே அதைச் செய்துவிட்டது! இருந்தும் 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல்கூட அது இல்லை. தேய்ந்தால்தானே இன்னொன்று விற்கும் என்று நான் சொன்னால் சதிக்கதை என்பீர்கள், சரி, சொல்லவில்லை.

எய்ட்பிட்டூ, கேம்சேர் போன்ற கொம்பனிகள் ஹோல் எஃபெக்ட் ஸ்டிக்கோடு, எக்ஸ்பொக்ஸ் மாதிரி ஏறி இறங்கிய ஸ்டிக் அமைப்போடு, சிலது பின்பக்கம் மேலதிக பட்டனோடும் விற்கிறார்கள், பெரிய கொம்பனிச் சாமானின் பாதி விலைக்குக்கூட எடுக்கலாம். அந்தப் பின் பட்டன் சும்மா இல்லை. வலது பெருவிரல் ஸ்டிக்கில் கமராவைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது குதிக்க வேண்டும் என்றால் விரலை எடுத்துத்தான் மேலே போக வேண்டும், இந்தக் குறை எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்டேஷன் இரண்டுக்கும் உண்டு. பின் பட்டனில் குதித்தால் பெருவிரல் இருந்த இடத்தில் இருக்கும். கொம்பியூட்டரிலோ போனிலோ ஆடுகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பிஎஸ் 5காரருக்கு இந்தச் சுதந்திரம் குறைவு, பிஎஸ் 5 கேமுக்கு அது பிஎஸ் 4 கொன்ட்ரோலரைக்கூட ஏற்காது.

இன்னொன்று. சின்னக் கை, பெரிய கை என்று கதைத்துக்கொண்டிருக்கிறோம், எங்கள் மாவட்டத்தில் யுத்தத்தில் கையையும் விரலையும் இழந்தவர்கள் எத்தனை பேர். மைக்ரோசொஃப்ட் 2018இல் விட்ட எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் கொன்ட்ரோலரின் பின்பக்கம் ஹெட்ஃபோன் குத்துகிற மாதிரித் துளைகள் 19 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு வெளி பட்டனைக் குத்திக் காலாலோ முழங்கையாலோ தோளாலோ ஆடலாம். சோனியும் 2023 டிசம்பரில் அக்சஸ் என்று ஒன்றை விட்டது. இங்கே கடைகளில் நான் கண்டதில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் சொக்லேட்டைக் கொஞ்சம் குறைத்து இப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் எவ்வளவு நல்லது.

வாங்கப் போகிற ஆட்கள் காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடைக்குப் போனால் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டாம். கையில் தரச் சொல்லுங்கள், பிடியுங்கள், கண்ணை மூடிப் பெருவிரல் எங்கே போகிறது என்று பாருங்கள், பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டு கடைக்காரரோடு விலை பேசுங்கள், உளைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. பழைய ஸ்டிக்கைக் கழற்றி ஹோல் எஃபெக்ட் ஸ்டிக் வைத்து ஈயம் பற்ற வைத்துக் கொடுக்கிற ஆட்கள் மட்டக்களப்பு டவுன் பக்கமோ கல்முனைப் பக்கமோ இருக்கிறார்களா? இருந்தால் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கமெண்டில் போடுங்கள், வீட்டில் அந்த ட்ரிஃப்ட் அடித்த சாமான் இன்னும் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது.