டிஸ்க் வாங்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்

பழைய காரின் பின் சக்கரத்தில் இருக்கும் டிரம் பிரேக்கை (சுழலும் டிரம்முக்குள் ஷூ என்ற கட்டைகள் விரிந்து பிடிப்பது) எடுத்துவிட்டு, அங்கேயும் டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை இரு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிப்பது) போட்டால் கார் சட்டென்று நிற்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த அன்று என் பழைய ஹேட்ச்பேக்கின் பிரேக் பெடல் ஆழமாகப் போனது. டிஸ்க் கிட் வாங்கக் கிளம்பியவனை நிறுத்தி, மெக்கானிக் அண்ணன் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கறுப்புத் தூள். ஒரு பக்கம், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ முழுக்க பிரேக் ஆயில் ஈரம். சிலிண்டர், ஷூ இரண்டு பக்கமும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்ததும் பெடல் கெட்டியாகிவிட்டது.

பிரேக் அடித்தால் எடை முன்னால் சாயும். பெரும்பங்கு வேலை முன் டிஸ்க்குக்குத்தான். பின்னால் அளவுக்கு மீறிப் பிடித்தால் மழைநாளில் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். பெடலை மிதித்ததும் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அதுவும், எல்லாமே டிரம் கணக்கில் அமைத்தவை. ஹேண்ட் பிரேக்குக்கும் தனி ஏற்பாடு வேண்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி. டிஸ்க் கிட்டுக்கான பணத்தில் நல்ல டயரும் முன் பிரேக் பேடும் போடுங்கள், மலை இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.