காப்டிக், கிரேக்க மொழியின் கிளை இல்லை

ஒருவர், "காப்டிக் என்பது கிரேக்கத்தின் ஒரு வட்டார வழக்கு, காப்டிக் மக்கள் ஐரோப்பிய மிஷனரிகளால் மதம் மாறியவர்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. காப்டிக் மக்கள் எகிப்தின் கிறிஸ்தவர்கள்.

காப்டிக்கின் எழுத்து பெரும்பாலும் கிரேக்கம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மொழியோ பழைய எகிப்திய மொழியின் கடைசிக் கட்டம். கிரேக்கத்தில் 'ஷ' ஒலிக்கு எழுத்து கிடையாது என்பதால், எகிப்தின் பழைய எழுத்து முறையான டெமோட்டிக்கிலிருந்து 'ஷை' போன்ற சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். 1822-இல், பழைய எகிப்தியப் பட எழுத்துகளைப் படித்தறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன், அந்த எழுத்தில் இருந்த ஒரு அரசர் பெயரில் சூரிய வட்டக் குறியைப் பார்த்தார். காப்டிக்கில் சூரியன் 'ரே'. அதை வைத்துத்தான் 'ராம்செஸ்' என்று படித்தார். கிரேக்கத்தில் சூரியன் 'ஹீலியோஸ்'. அதை வைத்துப் படித்திருக்க முடியுமா?

பெயருக்கும் மதத்துக்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. கிரேக்கத்தில் 'ஐகுப்தியோஸ்' என்றால் எகிப்தியர். அதுவே அரபியில் 'கிப்த்' ஆனது, 'காப்டிக்' என்ற சொல் அதிலிருந்து வந்தது. இஸ்லாம் பரவிய பிறகு அந்தப் பெயர், கிறிஸ்தவர்களாகவே நீடித்த எகிப்தியரை மட்டும் குறிக்கத் தொடங்கியது. அவர்களுடைய காப்டிக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, 451-இல் ஆயர்கள் கூடி நடத்திய கால்சிடோன் சங்கத்துக்குப் பின் தனி வழியில் போனது. ஐரோப்பிய மிஷனரிகள் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. அப்புறம், காப்டிக் என்றாலே ஆர்த்தடாக்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம், காப்டிக் கத்தோலிக்கரும் உண்டு.