காசு கொடுத்து வாங்கிய கேம் டிஸ்க்குக்கு இந்தக் கதியா?

பழைய கேம் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் டிரைவ் உர்ரென்று சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. கடைசியில் "சரியான டிஸ்க்கைப் போடவும்" என்கிறது. போட்டிருப்பதே ஒரிஜினல்தானே! வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாச்சு, ஒரு கீறல் இல்லை. நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லிய துணியால் துடைத்தாச்சு. அதே டிரைவில் பாட்டு சிடி ஜோராகப் பாடுகிறது.

கோளாறு டிஸ்க்கில் இல்லவே இல்லை. 2000-களில் வந்த ஏகப்பட்ட கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருக்கும்; டிஸ்க்கை யாரும் நகலெடுத்து ஆடாமல் தடுக்கிற மென்பொருள் அது. டிஸ்க் அசல்தானா என்று சோதிக்க அதற்கென்று விண்டோஸுக்குள் ஓடும் தனி டிரைவர் மென்பொருள் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை என்று 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவரையே மைக்ரோசாப்ட்காரர்கள் தூக்கிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8-லும் முடக்கினார்கள். ஓட்டையை அடைத்தது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் என்ன செய்வான்? பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி வைத்திருப்பவன் நிம்மதியாக ஆடுகிறான். பெட்டியையும் சீரியல் நம்பரையும் பத்திரப்படுத்தியவன் திருதிருவென்று விழிக்கிறான். கேம் கம்பெனிகள் பேட்ச் என்கிற ஒரு சின்னத் திருத்த மென்பொருளை விட்டுப் பூட்டைக் கழற்றியிருக்கலாம். சிலர் செய்தார்கள். மற்றவர்களுக்கு என்ன கேடு?